தையல் தெரியாதவர்களும் வரலாம்

போன வாரம் ரங்கூனில் தாமுவே சந்தைக்கு முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மின்கம்பத்தில் பசை காயாத ஒரு நோட்டீஸ். கார்மெண்ட் தொழிற்சாலைக்குப் பெண்கள் தேவை. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரை. ஃபெரி இலவசம், மதியச் சாப்பாட்டுக்குக் கறி இலவசம், லீவு போடாதவர்களுக்கு மாசக் கடைசியில் போனஸ். கீழே கொட்டை எழுத்தில், 'தையல் தெரியாதவர்களும் வரலாம்.' அந்த வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நோட்டீஸைப் பிடித்துக் கிழித்துவிட்டேன். ஈரமாக இருந்ததால் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. வெற்றிலைக் கடைக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பாதி நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒருத்தி பட்டப்பகலில் போஸ்டர் கிழித்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? பஸ் வந்துவிட்டது, பிழைத்தேன்.

விரலில் ஒட்டிய பசையைப் பஸ்ஸில் தேய்த்துக்கொண்டே வந்தேன். அந்த வாடை என்னை நேராகக் காலர் செக்‌ஷனில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. சட்டைக் காலருக்குள் விறைப்பாக ஒரு துணி இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு பக்கம் பசை. சூடான மிஷினுக்குள் வைத்து அழுத்தினால் காலர் துணியோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது எழும்பும் வாடை தலைமுடியில் ஏறினால் வீட்டுக்குப் போய் இரண்டு முறை குளித்தாலும் போகாது. என் அம்மா அதை வைத்தே நான் எந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று அவளிடம் புளுகியிருந்தேன்.

நான் பள்ளிக்கூடம் முடித்த வருஷம் எண்பத்தெட்டு, பட்டாள ஆட்சியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கிய வருஷம். வேறு ஏதாவது வருஷமாக இருந்திருக்கக் கூடாதா? பல்கலைக்கழகத்தைப் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடியும் பூட்டினார்கள். நான் தபாலில் ஒரு பட்டம் வாங்கி முடிப்பதற்குள் என்னோடு படித்தவர்களுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டது. அந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு, பாகோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தன்லியினில் புதிதாக வந்த ஒரு சட்டைத் தொழிற்சாலையில் லைன் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஃபெரி என்றதும் ஆற்றில் படகில் போனேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்களை அடைத்துக்கொண்டு போகும் தொழிற்சாலை வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அப்பா மட்டும், தாமுவேயில் கிடைக்காத வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் கிடைக்குமா என்று ஒரு மாசம் முனகினார். பிறகு என் சம்பளத்தில் வாங்கிய மீனைச் சாப்பிட்டார், முனகல் நின்றுவிட்டது.

என் வேலை, ஒவ்வொரு லைனிலும் மணிக்கு எத்தனை சட்டை முடிந்தது என்று கரும்பலகையில் எழுதுவது. அதோடு அடுத்த மாச வேலைத் திட்டத்தை டைப் அடித்து மேனேஜர் மேஜையில் வைப்பது. பெண்கள் எல்லாரும் கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டூல் கட்டையாக இருக்கும் என்று ஆளுக்கொரு மெத்தை, வெட்டி விழுந்த துண்டுத் துணியில் தைத்தது. எந்த மெத்தை யாருடையது என்று அந்த ஹாலில் ஒரு தகராறு வந்ததில்லை. சாப்பாட்டு மணி அடித்தால் டப்பாக்களை நடுவில் திறந்து வைத்துவிடுவார்கள். ங்கப்பி மீன் விழுது வாடையும் புளிக்குழம்பு வாடையும் ஒன்றாக எழும்பும். நான் நல்ல டப்பாவாகப் பார்த்துத்தான் உட்காருவேன், அதில் எனக்கு வெட்கமே கிடையாது.

நல்ல டப்பா செல்வியுடையது. தன்லியின் ஊர்ப் பிள்ளை. அப்பா கிடையாது, அம்மாவும் தேவி என்ற சின்னத் தங்கச்சியும். பதிவேட்டில் அவள் பெயர் மா கின் சோ. நம்மவர்களுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், வெளிக்கு ஒரு பெயர்தானே. பர்மியப் பெண்கள் என்னை மமா என்பார்கள், இவள் மட்டும் அக்கா. காலர் வைப்பதில் அவளை மிஞ்ச அந்தத் தொழிற்சாலையில் ஆள் இல்லை. சட்டையில் மற்ற எதையும் கொஞ்சம் கோணலாகத் தைத்தாலும் இஸ்திரியில் சமாளிக்கலாம். காலர் முனை இரண்டும் ஒரே அளவில் நிற்கவில்லை என்றால் சட்டையே குப்பை. புதிதாக வருகிறவளுக்கு ஒரு காலர் சரியாக வர ஆறு மாசம் ஆகும். செல்வி தைத்த முனையை அளவு பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் டேப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்தச் செய்தி வந்தது. டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டு எங்கள் ஃபெரி டிரைவர்தான் முதலில் சொன்னான்: பர்மாவில் தைத்த துணியை அமெரிக்கா இனிமேல் வாங்காதாம். நாங்கள் நம்பவில்லை. கட்டிங் மேஜையில் அவர்களுக்குப் போக வேண்டிய துணி இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது, எப்படி வாங்காமல் போவார்கள்? நம்பாததற்கு இன்னொரு காரணம், எங்கள் ஊர்ப் பத்திரிகையில் அப்படி ஒரு வரி இல்லை. இப்போது நினைத்தால், பத்திரிகையில் இல்லாததாலேயே நம்பியிருக்க வேண்டும்.

எங்களை ஆண்டவர்கள் செய்த அக்கிரமத்துக்குத் தண்டனையாம். சரி, அக்கிரமம் செய்தார்கள், அதை எனக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டாம். பூட்டின பல்கலைக்கழக வாசலில் நின்றவள் நான். ஆனால் அவர்களில் ஒருவர் வீட்டிலாவது அன்றைக்கு அடுப்பு எரியாமல் போயிற்றா? துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு மரம் இருந்தது, ரத்தினக்கல் இருந்தது, எரிவாயு இருந்தது. செல்விக்கு இருந்தது காலர் ஒன்றுதான். எங்கோ ஒரு ஹாலில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு இந்தத் தடைக்குக் கை தூக்கினவர்களில் யார் சட்டைக் காலரை அவள் தைத்தாளோ, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கூத்தைக் கேளுங்கள். தடை அமலுக்கு வர ஒரு மாசம் இருந்தது. அதற்குள் சரக்கு அங்கே போய் இறங்கினால் வாங்கிக்கொள்வார்களாம். ஆக, வேலையே இல்லாமல் போகப்போகிற தொழிற்சாலையில் திடீரென்று ஆள் பற்றாக்குறை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. காய்ச்சலோடு வந்தவளுக்கு மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள். லீவு கேட்டவளிடம் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். அதுவரை அவருக்குக் கும்பிடத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது. எனக்குத் தனியாக ஓர் உத்தரவு: காலர் ஆட்களில் ஒருத்திகூட நகரக் கூடாது. காலர் நின்றால் கப்பல் நின்றது என்றார்.

அந்த மாசத்தின் நடுவில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் செல்வி என்னைத் தண்ணீர்ப் பானை ஓரமாகக் கூப்பிட்டாள். தன்லியின் சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருந்த காதர் பாய் வாசலில் ஒரு மிஷின் போடப்போகிறாராம். எஞ்ஜிச் சட்டை, லோஞ்சிக் கைலி, பள்ளிக்கூட உடுப்பு, வருஷம் முழுக்க வேலை இருக்கும். சம்பளம் இங்கே உள்ளதைவிடக் கொஞ்சம் கம்மி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"நான் இருக்கவா அக்கா, போவவா? நீங்க படிச்சவுங்க. சொல்றபடி செய்றேன்."

அடுத்த மாச வேலைத் திட்டத்தை அன்று காலையில்தான் நான் டைப் அடித்திருந்தேன். என்னத்தை அடிப்பது? தலைப்பு இருந்தது, லைன் நம்பர் இருந்தது, தேதிகள் இருந்தன. ஆர்டர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒன்றுமில்லை. மேனேஜரிடம் காட்டினேன். வாங்கி மேஜை டிராயரில் போட்டார். "ஜப்பான் ஆர்டர் வருதுன்னு சொல்லு" என்றார். வருகிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் அல்லவா? எனக்கும் வேலை போய்விடும் என்ற பயம்தான். அதைவிட நல்ல காரணம் எதுவும் என்னிடம் கிடையாது, இத்தனை வருஷம் தேடிப் பார்த்துவிட்டேன்.

"இரு செல்வி. ஜப்பான் ஆர்டர் வருது. காலர் வைக்கிறவள யாரும் விட மாட்டாங்க" என்றேன்.

அவள் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. காதர் பாய் மிஷினில் அவருடைய மச்சான் மகள் உட்கார்ந்தாள்.

கடைசிக் கன்டெய்னர் கிளம்பின அன்று எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். ஸ்டாக் எடுக்க இரண்டு வாரம் மூடுகிறோம், கூப்பிட்டு அனுப்புவோம் என்று மைக்கில் அறிவித்ததும் நான்தான். மெத்தையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று சில பேர் கேட்டார்கள். எதற்கு, திரும்பி வரத்தானே போகிறீர்கள் என்றேன். நல்ல குரல் எனக்கு, எல்லாரும் நம்பினார்கள். ஒரு மாசம் கழித்து அந்த மெத்தைகளை எல்லாம் சாக்கில் கட்டிக் காவலாளி எடைக்குப் போட்டான்.

அதற்குப் பிறகு தன்லியின் தெருக்களில் பகலில் நடக்கவே கூசும். வேலைக்குப் போக வேண்டிய பெண்கள் எல்லாம் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தொழிற்சாலை மட்டுமா, ரங்கூனைச் சுற்றி இருந்த எத்தனையோ ஷெட்டுகளுக்குப் பூட்டு. சிலர் மீன்குழம்பு ஊற்றின மொகிங்கா நூடுல்ஸ் போட்டு விற்றார்கள். எல்லாரும் மொகிங்கா விற்றால் யார் வாங்கித் தின்பது? சிலர் என்ன ஆனார்கள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. செல்வி நாலு மாசம் பார்த்தாள். பிறகு ஒரு புரோக்கர் வந்து, தாய்லாந்து எல்லை ஊரில் தையல் வேலை என்று பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனான், அவளும் போனாள். போய்ச் சேர்ந்து ஒரு கடிதம் போட்டாள், பர்மிய எழுத்தில், நாலே வரி. காலர் செக்‌ஷனில்தான் இருக்கிறாளாம். 'சட்டை நம்ம சட்டைதான் அக்கா, கழுத்துச் சீட்டுல ஊர்ப் பேருதான் வேற.' அதே கம்பெனிக்காரன் சட்டை, அதே அமெரிக்காவுக்கு. அவள் கை எல்லையைத் தாண்டியதும் சுத்தமாகிவிட்டது போல. என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் வேலை போகவில்லை, அதுதான் இன்னும் அசிங்கம். பூட்டிய தொழிற்சாலைக்கும் கணக்கெழுத ஒரு கிளார்க் வேண்டுமாம். நாலைந்து வருஷம் கழித்து ஜப்பான் ஆர்டர் நிஜமாகவே வந்தது. முதலில் ஒரு லைன், பிறகு மூன்று, பிறகு எல்லாம். ஆர்டர் இருந்தது, உட்கார ஆள் இல்லை. தைக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரு மீட்டிங்கில் மேனேஜர், இந்த ஊர்ப் பெண்களுக்கு வேலை செய்ய மனசு இல்லை, சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொன்னார். நான் எழுந்து, இரண்டு வாரம் என்று சொல்லி அனுப்பினோமே, அவர்கள் திரும்பி வந்து நின்றபோது கேட்டைத் திறந்தோமா என்று கேட்டேன். அழுதும் தொலைத்தேன். முதலாளிக்குப் பர்மிய மொழி தெரியாது. என்ன சொல்கிறாள் என்று கேட்டார். உடம்பு சரியில்லையாம் என்று மொழிபெயர்த்தார் மேனேஜர்.

மறுவாரம் என்னையே ஒலிபெருக்கி கட்டிய ஃபெரியில் ஏற்றி ஆள் பிடிக்க ஊருக்குள் அனுப்பினார்கள். அந்த நல்ல குரலுக்குத்தான். தெருத் தெருவாகக் கத்திக்கொண்டு போனோம். குழந்தைகள் வண்டிக்குப் பின்னால் ஓடி வந்தன, வயசானவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நடுவில் இருக்க வேண்டிய வயசுதான் காணோம். செல்வி வீட்டு முன்னால் டிரைவரிடம் நிறுத்தச் சொன்னேன். தரைக்குச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். தேவி வளர்ந்து நின்றாள், அன்றைக்கு அக்காவுக்கு இருந்த வயசு இப்போது அவளுக்கு. அவளுடைய அம்மா எனக்குப் பாய் விரித்து டீ கொடுத்தாள். செல்வி நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்தேன். அங்கேயே மோன் இனத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாளாம், பிள்ளை இருக்கிறதாம், வந்து போக முடியாதாம், பேப்பர் இல்லை. பேரனைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

தேவியை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். இந்தத் தடவை உண்மை, அம்மா, ஆர்டர் இரண்டு வருஷத்துக்கு இருக்கிறது, திட்டத்தை என் கையால் டைப் அடித்தேன் என்றேன். சத்தியமாக உண்மை.

அந்த அம்மா கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். டீ கப்பை எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னைக்கு அவ உன்னைய கேட்டுத்தான் இருந்தா. நீ நல்லவதான், நான் இல்லேங்கல. ஆனா அந்த புரோக்கர் காலிப்பய, காலர் வேலைன்னு சொன்னான், காலர் வேலையே வாங்கிக் குடுத்தான். இப்ப நான் யாரு பேச்ச நம்பி இவள அனுப்ப, நீயே சொல்லு."

டிரைவர் ஹாரன் அடித்தான், எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாசமே தேவியும் எல்லைக்குப் போய்விட்டாள், அதே காலிப்பயலோடு.

இப்போது நான் அந்தத் தொழிற்சாலையில் இல்லை. எப்போதாவது தன்லியினுக்குப் போனால் செல்வி வீட்டுத் தெரு வழியாகத்தான் நடப்பேன். முன்பெல்லாம் நான் தலையைக் காட்டினால் போதும், நாலு வாசலில் இருந்து பெண்கள் ஓடி வந்து, 'எங்கயாச்சும் ஆள் எடுக்கிறாங்களா' என்று சூழ்ந்துகொள்வார்கள், ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். இன்றைக்கும் வாசலில் அம்மாக்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், டீ குடிச்சிட்டுப் போ என்பார்கள், மகள் அனுப்பிய போட்டோவைக் காட்டுவார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வேலையைப் பற்றி மட்டும் ஒருத்தியும் என்னை ஒன்றும் கேட்பதில்லை.