மனமுவந்து அளித்தது

கறுப்பு ஆட்டு ரோமத்தில் முறுக்கிய அந்தக் கயிறு என் கைக்கு வந்தபோது உடம்புச் சூடு ஆறாமல் இருந்தது. கத்தீ என்னும் இமயமலை மேய்ப்பர் குடியைச் சேர்ந்த ஒருவரின் இடுப்பிலிருந்து அப்போதுதான் அவிழ்ந்தது. கத்தி என்று எழுதினால் நம்மவர்கள் ஆயுதமாகப் படித்துவிடுவார்கள். அதனால் நீட்டி எழுதுகிறேன்.

அருங்காட்சியகம் ஒன்றுக்காக மலைக்குடிகளின் உடைகளைச் சேகரிப்பது அன்று என் வேலை. முழங்கால் வரை வெள்ளைக் கம்பளி அங்கி, அதன்மேல் இடுப்பைப் பல சுற்றுச் சுற்றிய இந்தக் கயிறு. கயிற்றுக்கு மேலே அங்கி பைபோல் தொங்கும். நடக்க முடியாத குட்டிகளை அதற்குள் போட்டுக்கொண்டுதான் கணவாயைக் கடப்பார்கள். கயிற்றைத் தந்தவன் சிவன் என்பது அவர்கள் நம்பிக்கை. பனிக்கு முன் கீழே இறங்கிக்கொண்டிருந்த அந்த மனிதரின் அங்கிக்குள்ளிருந்து இரண்டு குட்டிகள் தலை நீட்டின.

கயிற்றைக் கேட்டேன். "கயிறு இல்லன்னா குட்டி எங்க நிக்கும், சாப்?" என்று இந்தியில் கேட்டார். என்னோடு வந்த வனக்காவலர், "மேய்ச்சல் சீட்டு வேணுமா, வேணாமா?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் அவர் அவிழ்த்தார். பதிலுக்கு என் பெட்டி கட்டிய சணல் கயிற்றைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அடிவாரத்தில் அவரை மறுபடி பார்த்தேன். அங்கிக்குள் ஒரு குட்டிதான். நனைந்த சணல் நழுவியதாம். "சிவன் எடுத்துக்கினான்" என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அன்று மாலை பதிவு அட்டையில் எழுதினேன்: "மனமுவந்து அளித்தது."

ஓய்வுபெற்றுத் திருத்தணிக்கே திரும்பிவிட்டேன். ஆடிக் கிருத்திகையில் காவடியோடு படியேறுபவரை நிறுத்தி, "இறக்கி வை, அளக்கணும்" என்று சொல்ல எனக்குத் துணிவு வருமா? அங்கே வந்தது. அது வேறு யாரோ ஒருவருடைய சாமி என்று நினைத்திருக்கிறேன்.

போன வாரம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். காட்சிப்பெட்டியைப் புதுப்பிக்கிறார்களாம், பழைய அட்டையை அப்படியே அச்சிடலாமா என்று கேட்டார். ஆமாம் என்றால் முடிந்துபோகும். "ஒரு நிமிஷம்மா" என்றேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "இத்தினி வருசமா தூக்கத்துல கயிறு கயிறுன்னு பொலம்பிகினு கீற. இப்ப வாய்ல கொழக்கட்டையா? சொல்லு."

சொன்னேன். மனமுவந்து என்பதை அடித்துவிட்டு, மிரட்டி வாங்கியது என்று போடச் சொன்னேன். குட்டியையும் சேர்க்கச் சொன்னேன். மறுமுனையில் எழுதும் ஓசை கேட்டது.

"யார்கிட்ட வாங்கினீங்க சார்? அவர் பேரு அட்டையில இல்லியே."

கயிற்றின் நீளம், எடை, எத்தனை புரி முறுக்கு, எல்லாம் அதில் இருந்தன.

"கேக்கலம்மா," என்றேன். "அதையும் எழுதிக்கங்க."