சூடம் அடிக்கக் குனிந்தவர்

இலங்கையில் எஹலியகொடப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். அங்கே எல்லாருக்கும் எல்லா நோயும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். நோயாளியோடு வருகிறவர்களே நோயையும் சொல்லி மருந்தையும் சொல்லிவிடுவார்கள். ஊசி குத்துவது மட்டும் என் வேலை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, முனியாண்டியைக் கோயிலில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அறுபதை நெருங்கிய பால்வெட்டுத் தொழிலாளி. நெற்றியில் காயம். என்ன நோய் என்று கேட்டேன்.

"பொய்ச் சத்தியங்க ஐயா," என்றார், தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி.

அதற்கு என் அலமாரியில் மருந்து இல்லை.

முனியாண்டி ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். மகள் கல்யாணத்தோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். அந்த மாதம் திடீரென்று, விடியற்காலையில் பாயை விட்டு எழும்போதே தள்ளாடினார். உயரத்தில் பட்டை வெட்ட அண்ணாந்தால் மரத்தைக் கட்டிப் பிடித்தார். வாந்தி வேறு. கங்காணி வேலைக்குப் பேர் போட மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். குடித்திருக்கிறான் என்பதைத் தோட்டத்து உதவி மேலாளரான சின்னத்துரை "பீலா" என்று சிங்களத்தில் ஒரே சொல்லில் தீர்ப்பாகச் சொன்னார். பக்கத்தில் போய் வாயை மோந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. டவுன் டொக்டர் ஒருவர், பிரஷர் இல்லாத மனிதருக்குப் பிரஷர் குளிசை கொடுத்துத் தன் பங்கை முடித்தார்.

மனைவி செல்லம்மாவும் நம்பவில்லை. "சூடம் அடிச்சு சத்தியம் பண்ணு. இல்லாட்டி நான் மக வீட்டுக்குப் போறேன், திரும்பி வரமாட்டேன்" என்றாள். மாரியம்மன் முன்னால் கல்லில் சூடம் எரிந்தது. குடிக்கவில்லை என்று சொல்லி, அதைக் கையால் அடித்து அணைக்க முனியாண்டி குனிந்தார். அப்படியே குப்புற விழுந்தார். ஆத்தா காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. செல்லம்மா துணி மூட்டையோடுதான் டிஸ்பென்சரிக்கு வந்திருந்தாள்.

காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே முனியாண்டியிடம் கேட்டேன்.

"எப்ப சுத்துது?"

"படுத்தா, எந்திரிச்சா, அண்ணாந்தா, குனிஞ்சாங்க. சும்மா ஒக்காந்திருந்தா ஒன்னும் இல்லீங்க."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தாங்க. ஆனா லயத்து வீடெல்லாம் சுத்துதுங்க."

இந்த இரண்டு கேள்வியைக் கேட்க அத்தனை பெரிய தோட்டத்தில் ஒரு வாய் இல்லை.

கை கால், பேச்சு, நடை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். கங்காணியையும் செல்லம்மாவையும் கட்டிலருகே நிறுத்தினேன். முனியாண்டியை உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தேன். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே என் கைகளில் தொங்கியது. கொஞ்சம் பொறுத்து அவர் கண்கள் தாமாகத் துள்ளின. அவர் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணப் பாருங்க. இத யாரும் நடிக்க முடியாது. அப்படியே வாயையும் மோந்து பாருங்க கங்காணி."

மோந்து பார்த்தார். வெற்றிலை வாசம்தான்.

உள்காதில் மண் போல நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. வயது போகப் போக அவை கழன்று, பக்கத்திலுள்ள வளைந்த குழாய்க்குள் விழுந்துவிடும். தலை அசைந்தால் அவை நகர்ந்து, எல்லாம் சுற்றுகிறது என்று மூளைக்குப் பொய் சொல்லும். அவற்றை அந்தக் குழாயிலிருந்து உருட்டி வெளியேற்றுகிற முறையை இரத்தினபுரியில் ஒரு காது வைத்தியர் எனக்குக் காட்டியிருந்தார். சுற்று நின்றதும் தலையை இடப்பக்கம் திருப்பினேன். பிறகு உடம்போடு புரட்டி, முகம் தரையைப் பார்க்க வைத்தேன். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் காத்திருந்து, மெல்ல எழுப்பி உட்கார வைத்தேன்.

"அவ்வளவுதானா? ஊசி இல்லீங்களா?" என்றார் கங்காணி.

"ஒங்களுக்கு வேணும்னா போடுறேன்."

மறுநாளும் ஒரு தடவை செய்தேன். சுற்று நின்றுவிட்டது. திரும்ப வரலாம், வந்தால் பயப்படாமல் என்னிடம் வரவேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

செல்லம்மா அந்தக் கண்களைப் பார்த்து அழுதவள். மூட்டையையும் அவிழ்த்துவிட்டாள். ஆனாலும் ஊர் வாயை மூட இன்னொரு தடவை சூடம் அடிக்கச் சொன்னாள். எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. துள்ளிய கண் சாட்சியில்லையாம், எரிகிற சூடம்தான் சாட்சியாம். அடுத்த வெள்ளி, விழுந்தால் பிடிக்க நானும் போய் நின்றேன். முனியாண்டி குனிந்தார், அடித்தார், நிமிர்ந்து நின்றார். ஆத்தா மன்னித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே கூட்டம் கலைந்தது. கங்காணி மறுபடி பேர் போட்டார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இப்போது டிஸ்பென்சர் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். வயதானவர் தலை சுற்றுகிறது என்றால், பிரஷர் மெஷினைத் தேடும் முன்னால், எப்போது, எப்படி அசைந்தால் சுற்றுகிறது என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை நம்புங்கள். நம்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் கூட்டம் கலைந்த அன்று கோயில் வாசலில் பார்த்தேன்.

செல்லம்மா சிரித்த முகத்தோடு கணவர் கையைப் பிடிக்க வந்தாள். முனியாண்டி கரி பட்ட உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சாமிக்கு ரெண்டு தடவ சத்தியம் பண்ணிட்டேன். ஒனக்கு மொத நாளே சொன்னேனே புள்ள," என்றார்.

அவர் முன்னால் நடந்தார், நேராக.