அறுபதில் ஆடிய அம்பாசிடர்

என் மனைவியின் அண்ணன் சேவியர்ராஜுக்குத் துரு என்றால் ஆகாது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி கொஞ்சம் உண்டு. உப்புக்காற்று கேட்டைத் தின்னும், சைக்கிள் செயினைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். அதனால் எதற்காவது எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார்கள். மச்சானுக்கு அது முற்றிப்போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால்கூட, கை கழுவியதும் கேட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, "மாப்ள, கொஞ்சம் எண்ணெய் எடு" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அவருடைய வெள்ளை அம்பாசிடர் இத்தனை வருஷம் ஓட்டை விழாமல் இருப்பதற்கு அந்த வியாதிதான் காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டி, பழைய இன்ஜின் ஆயிலோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் அனுஷியாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அந்த வண்டியில்தான் கோவிலுக்குப் போனோம். இவள் கல்யாணத்துக்கும் இதே வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கல்யாணம் புதுச்சேரியில், மாப்பிள்ளை வீட்டுப் பங்குக் கோவிலில் என்று முடிவானது. நாள் நெருங்கும்போது பார்த்து வண்டிக்கு நடுக்கம் வந்தது. ஐம்பது வரை ஒழுங்காகப் போகும். அறுபதைத் தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும்.

"இதுல உக்காந்து கண்ணுக்கு மை வெச்சா காதுக்குப் போயிடும் மாமா" என்று அனுஷியா கேலி செய்தாள்.

மச்சான் சிரிக்கவில்லை. "ஆட்டம் நிக்கலைன்னா நான் ஓட்ட மாட்டேன். புள்ளைய ஏத்திக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிப்போனது. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆசை அது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு புது ஏசி காருக்குச் சொல்லி வைத்தேன். அது தெரிந்ததும் மச்சான் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

மெக்கானிக் அர்ச்சுனன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினார். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு லேசாக லூஸாக இருந்தது, மாற்றினார். ஆட்டம் போகவில்லை. திண்டிவனத்தில் வீல் பேலன்ஸ் செய்யச் சொன்னார். செய்துவிட்டுத் திரும்பும்போது பெருமுக்கல் தாண்டி எழுபதில் வந்தோம், ஒரு சின்ன அதிர்வு இல்லை. மச்சான் என்னோடு பேசாத கோபத்தையும் மறந்து, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தார். மறுநாள் உப்பளத்துக்குப் போய் வந்த பிறகு மறுபடியும் அதே ஆட்டம். திரும்பவும் திண்டிவனம் போனோம். திரும்பவும் வீடு வரை சொகுசு, மறுநாள் நடுக்கம். நான் அந்தக் கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அர்ச்சுனன் கத்தவில்லை. முன் சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் மாட்டினார், பின் சக்கரங்களை முன்னால் மாட்டினார். மூன்று பேரும் ஈ.சி.ஆரில் ஏறினோம். அறுபதில் ஸ்டியரிங் சாதுவாக இருந்தது. பின் சீட்டில் இருந்த எனக்குத்தான் பல்லெல்லாம் ஆடியது.

"ஸ்டியரிங்ல ஒண்ணும் இல்லண்ணா. அந்த ரெண்டு சக்கரத்துலதான் கோளாறு இருக்குது" என்றார் அர்ச்சுனன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "திண்டிவனத்துல இருந்து வீடு வரைக்கும் நல்லாத்தான் வருது. வீட்டுக்கு வந்தப்புறம் என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்றதில்லையே. கழுவுவேன். கிரீஸ் பூசுவேன். அவ்ளோதான்."

"கிரீஸா? எங்க?"

"வீலுக்கு உள்பக்கம்பா. கல்யாணம் வருதேன்னு ஆயிலுக்குப் பதிலா நல்ல கெட்டி கிரீஸா வாங்கினேன். முன்னாடி ரெண்டு வீலுக்கே டப்பா காலியாயிடுச்சு. அத பேலன்ஸ் பண்றவங்க சுத்தமா வழிச்சுட்டாங்க. வெறும் இரும்பா இருந்துச்சு, மனசு கேக்கல. இன்னொரு டப்பா வாங்கி திரும்பவும் பூசினேன்."

அர்ச்சுனன் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஒரு சக்கரத்தைக் கழற்றித் திருப்பினார். வெயிலில் நின்ற வண்டியில் கிரீஸ் உருகி, வளையத்தின் அடியில் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருந்தது. உப்பள வரப்பின் சேறு அதில் ஒட்டிக் காய்ந்து, கொழுக்கட்டை அளவுக்குக் கட்டியாக நின்றது. சக்கரம் ஒரு பக்கம் கனத்தால் வேகத்தில் ஆடாமல் என்ன செய்யும்?

நான் சாலையோரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மச்சான் அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நான்தானா மாப்ள?" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எனக்குப் போய்விட்டது. அன்றைக்கே ஏசி காரை வேறு சொந்தக்காரர்களுக்கு என்று மாற்றிச் சொன்னேன்.

அர்ச்சுனன் சக்கரங்களைச் சுத்தம் செய்து, திண்டிவனத்தில் பேலன்ஸ் செய்து வாங்கி வந்து மாட்டிவிட்டு, மிச்சமிருந்த கிரீஸ் டப்பாவையும் எடுத்துக்கொண்டார். "கல்யாணம் முடியற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்ணா." மச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து பழைய புடவைகளை வாங்கிப்போய், உப்புக்காற்று படாமல் நாலு சக்கரத்துக்கும் போர்த்தி வைத்தார்.

கல்யாணத்தன்று காலையில் அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பின்னால் என் மனைவியும் அனுஷியாவும். உப்பளங்கள் இரண்டு பக்கமும் பளபளத்தன. ஐம்பது. ஐம்பத்தைந்து. நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது. அறுபத்தைந்து. மச்சானின் கைகள் அசையவில்லை.

"அம்மா, அந்த மைய எடு" என்றாள் அனுஷியா.

"ஏண்டி, வீட்லயே வெச்சுக்கலையா?"

"வேணும்னேதான் வெக்கல. மாமா, ஸ்லோ பண்ணாதீங்க."

ஓடும் வண்டியிலேயே இரண்டு கண்ணுக்கும் மை தீட்டினாள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே வந்த மச்சான், சட்டென்று இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"என்ன மச்சான், ஆடுதா?" என்றேன் பதறிப்போய்.

"ரோடு தெரியல மாப்ள" என்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்.

எங்களைத் தாண்டி அந்த ஏசி கார் போனது. அனுஷியா பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். "கிளம்புங்க மாமா. நீங்க அழுதா எனக்கும் வரும். வெச்ச மையெல்லாம் வீணாயிடும்."

மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியரைப் போட்டார். கொஞ்ச தூரத்திலேயே ஏசி காரைப் பிடித்து, ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனோம்.