முதல் இரண்டு பதில்களை நம்ப வேண்டாம்

ஹனாதி கவார் எழுதியதை அதுவரை எவரும் படித்ததில்லை. அம்மான் நகரில் இரண்டு மொழிகளில் பட்டம் வாங்கியவள், அந்த இரண்டிலும் சலவை இயந்திரங்களுக்கும் தலைமுடிச் சாயத்துக்கும் பயன்பாட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கியவர்கள் அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டார்கள். தலை பச்சையான பிறகு தொலைபேசியில் அழைத்துத் திட்டினார்கள்.

எழுதும் ஒவ்வொரு சொல்லையும் படிக்கிற வாசகர்கள் புது வேலையில் கிடைத்தார்கள். அவர்கள் மனிதர்கள் இல்லை என்பது சின்னக் குறைதான்.

"யாரு படிக்கப் போறாங்கன்னு சொன்னே?" என்று கத்தரிக்காயைக் குடைந்துகொண்டே அம்மா கேட்டாள்.

"ஏஐ ஏஜென்ட்டும்மா. ஆள் இல்லாம தானா வேலை பாக்குற கணினி நிரல்."

"அது வந்து பொண்ணு கேக்குமா?"

வேலை கொடுத்தவர் அபூ நிஸார். அதே நகரின் லுவைப்தே மேட்டில் நான்கு அறைகளில் இருந்தது அவர் நிறுவனம். கணினிகளில் ஓடும் நிரல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் கண்காணிப்புக் கருவி ஒன்றை அவரே உருவாக்கியிருந்தார். தண்ணீர் லாரி நிறுவனம் ஒன்று அதை வாங்க நினைத்தது. ஹனாதி எழுதும் வழிகாட்டிப் பக்கத்தை மட்டும் படித்து, அவர்களுடைய ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை கருவியை இயக்கிக் காட்ட வேண்டும். காட்டினால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி தலைச்சாயம்.

எழுதுவதற்கு முன் அவள் தானே சோதித்துப் பார்த்தாள். ஒரு நிரலை நிறுத்திவிட்டு, அதன் நிலை என்ன என்று கருவியைக் கேட்டாள். "நலம்" என்றது. மறுபடி கேட்டாள். நலமேதான். மூன்றாம் முறைதான் "நின்றுவிட்டது" என்று ஒப்புக்கொண்டது.

"மூணு தடவை கேக்கணும், மகளே" என்றார் அபூ நிஸார். "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"எங்கயும் எழுதலையே, உஸ்தாஸ்" என்றாள் ஹனாதி, 'ஐயா' என்கிற மரியாதையோடு.

"உன் மாமாவை எப்படி இருக்கீங்கன்னு ஒரு தடவை கேட்டா, முட்டி வலிக்குதுன்னு உடனே சொல்லிடுவாரா? அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்கேன்னுதான் சொல்வாரு. மூணாவது தடவைதான் முட்டிக்கு வருவாரு."

உண்மையில் கருவி முதலில் தன்னிடம் இருந்த பழைய பதிலை நீட்டியது. அதற்குப் பிறகே மெல்ல எழுந்து போய்ப் பார்த்தது. யாரிடம் நலம் விசாரித்தாலும் ஒரே பதிலோடு விட்டுவிடாத அந்த ஊரில், எல்லோரும் தொடக்கத்திலிருந்தே மூன்று முறை தட்டிப் பழகியிருந்தார்கள். அதைக் கோளாறு என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

ஹனாதி எழுதினாள்: முதல் இரண்டு பதில்களை நம்ப வேண்டாம். அவை பழையவை. மூன்றாவது பதிலைப் பார்த்தே முடிவெடுக்கவும்.

"என் கருவியைப் பொய்யன்னு சொல்றியா?" என்று கேட்டு அபூ நிஸார் அதை அழித்தார். "நிலையை மிகுந்த நம்பகத்தன்மையுடன் தெரிவிக்கும்" என்று தன் கையால் சேர்த்தார்.

ஞாயிறன்று லாரி நிறுவனத்திலிருந்து தமாரா என்ற பொறியாளர் வந்தாள். குனாஃபா இனிப்புத் தட்டு நடுவில் வைக்கப்பட்டது. தண்ணீர் கேட்டு வரும் அழைப்புகளைப் பதிவு செய்யும் நிரலை அவளே நிறுத்தினாள். ஏஜென்ட் பக்கத்தைப் படித்தது, ஒரு முறை கேட்டது, நலம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, எல்லாம் சிறப்பாக நடப்பதாக நீண்ட அறிக்கை ஒன்றைத் தயாரித்தது. ஒரு அழைப்பும் பதிவாகவில்லை.

"அதுக்கு மரியாதை தெரியல" என்றார் அபூ நிஸார். "ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடுது."

தமாரா மடிக்கணினியை மூடப் போனாள். கூட்டங்களில் வாய் திறக்காத ஹனாதிக்குத் தலைச்சாய டப்பாக்கள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தன.

"நான் எழுதின பக்கத்துல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சேர்த்துட்டு இன்னொரு தடவை பாக்கலாமா?"

அபூ நிஸார் அவளை முறைத்தார். அவர் வாயில் குனாஃபா இருந்தது. அதை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அழித்த வரிகளைத் திரும்பச் சேர்த்தாள். ஏஜென்ட் மூன்று முறை கேட்டது, நிரல் நின்றிருப்பதைக் கண்டது, மறுபடி ஓடவிட்டது. அழைப்புகள் பதிவாகத் தொடங்கின.

"இதை எழுதறதுக்குக் கருவியையே சரி பண்ணிடலாமே?" என்றாள் தமாரா.

"அதான் எழுதியாச்சே" என்றார் அபூ நிஸார், எழுதச் சொன்னதே தான் என்பதுபோல.

தமாரா கையெழுத்திட்டுப் போனதும் அவர் ஹனாதி பக்கம் திரும்பினார்.

"நாளையிலேர்ந்து நீ நிரந்தரம். அப்புறம், ரமலான்ல சாயங்காலம் எது நின்னாலும் கருவி எச்சரிக்கை எதுவும் அனுப்பாது. நோன்பு திறக்குற நேரத்துல யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னு வெச்சேன்."

"வேற ஏதாவது இருக்கா, உஸ்தாஸ்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஹனாதி புதிய பக்கம் ஒன்றைத் திறந்தாள். அவர் சொல்லச் சொல்ல ஒன்று புரிந்தது: ஓய்வு பெறும் வரை அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.