அண்ணன் போனை வைத்த வெள்ளிக்கிழமை

முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னபோது, ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவன் நான் என்பதை நினைவுபடுத்தினேன். "பொய் எழுதாம இருந்தா போதும்" என்றார்.

ஒத்துக்கொண்டதற்கு வேறு காரணம் உண்டு. கடைசியாகப் பேசிய அன்று அண்ணன் சட்டென்று போனை வைத்துவிட்டார். "எம்புள்ள பசியோட கெடந்து, பேசக்கூடத் தெம்பில்லாம வச்சிட்டான்" என்று அம்மா ஒரு வருடமாக அழுகிறார். அது அப்படியில்லை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "ஒனக்கு எல்லாமே வெளையாட்டு" என்கிறார். அச்சில் வந்தால் நம்புவார்.

ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அவருக்கு மீசைகூட முளைக்கவில்லை. முந்திரி உடைக்கப் போனார், செங்கல் சூளைக்குப் போனார், பட்டறையில் கண் சிவக்க வெல்டிங் கற்றார். அக்காவைக் கட்டிக்கொடுத்துவிட்டு வளைகுடாவில் இருக்கும் ருவைஸுக்கு விமானம் ஏறினார். அவர் மகள் முதன்முதலில் "அப்பா" என்று கூப்பிட்டது அண்ணியின் போனை.

கோபப்படத் தெரியாதவர். குறட்டையைத் தவிர வேறு எதனாலும் யாரையும் தொந்தரவு செய்ததில்லை. சொல்வது ஒரே ஒரு பொய்தான். அம்மா தினமும் போனில் "சாப்ட்டியாப்பா?" என்பார். "சாப்ட்டேம்மா" என்பார் அண்ணன்.

நானும் வேலைக்கு அவர் தங்கியிருந்த அதே லேபர் கேம்ப்புக்கு வந்த பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது. மெஸ்ஸில் வாங்கிய டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத் திறக்காமலே படுத்துவிடுவார். எனக்கு நைட் டூட்டி. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் ஏறுவார்.

"ஏண்ணே, அந்த டப்பாவ ஊருக்குக் கொண்டுபோகப் போறியா?"

"தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதுடா."

எட்டுப் பேர் இருந்த அறை அது. ஆளுக்கு ஒரு நேரத்தில் டூட்டி.

அடுத்த அறையில் மாமானி என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் இருந்தார். பொலிவியா நாட்டு மலைக்காரர், அய்மாரா இனம். பெயரைக் கேட்டதுமே அவரை நான் 'மாமா' ஆக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமைதான் அங்கே லீவு. ஒரு வெள்ளிக்கிழமை வராந்தாவில் கோடு போட்ட துணியை விரித்து, அவித்த கிழங்கு, சோளம், பொரித்த மீன் எல்லாவற்றையும் நடுவில் கொட்டி, அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வழக்கப்படி சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை உட்காருவோம். மாமாவுக்கு அந்த ஆட்டம் தெரியாது. முகம் செத்துப்போய், துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு பேச்சும் நின்றது.

சமாதானத்துக்கு நான் போனேன். பாதி இந்தியிலும் மீதி கையாலும் சொன்னார்: "பாய், எங்க ஊர்ல சாப்பாட்ட வேணாம்னா, ஆளையே வேணாம்னு அர்த்தம்." அவரவர் கொண்டுவந்ததை ஒரே துணியில் கொட்டி எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதற்கு அவர்கள் மொழியில் அப்தாப்பி என்று பெயராம். கொடுப்பதை இரண்டு கையும் நீட்டி வாங்க வேண்டும். மிஞ்சியதைக் கட்டிக்கொண்டும் போகலாம். துணியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் சொந்தம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் தானே புளிச்சோறு கிண்டிக்கொண்டு போய்த் துணியில் கொட்டினார். மாமா ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்பு உருளைக்கிழங்கைத் தந்தார். பனியில் போட்டு, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்ததாம். ஊறவைத்து அவித்த பிறகும் கூழாங்கல் மாதிரிதான் இருந்தது.

"அண்ணே, பல்லு போனா கம்பெனி குடுக்காது."

அண்ணன் மென்று பார்த்தார். "வத்தல்தாண்டா. நம்ம அம்மா போடாத வத்தல்."

அன்றைக்கு அவர் சாப்பிட்டதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அதன்பிறகு வெள்ளிக்கிழமை மதியம் நான் தூங்கப் போனதில்லை. மூன்று பேருக்கும் மொழி பத்தாது, சிரிப்புக்குக் குறைவில்லை.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை, அறையில் இருந்தவர்கள் டூட்டிக்கு எழுப்பியபோது அண்ணன் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அவர் உடலை ஊர் சேர்க்க ஆபீஸ் ஆபீஸாக அலைந்த அறை நண்பர்களுக்கும், ஊரில் தோள் கொடுத்தவர்களுக்கும், அண்ணியையும் குழந்தையையும் தனியே விடாமல் இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மாமா கான்ட்ராக்ட் முடிந்து மலைக்கே போய்விட்டார். இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கும் நாளில், அவர்கள் வழக்கப்படி மூன்று வருடம் தன் வீட்டில் அண்ணனுக்கும் ஒரு பங்கு வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி. இப்போது அந்த வராந்தாவில் யாரும் உட்காருவதில்லை. நானும் டப்பாவைக் கட்டிலில் வைத்துத்தான் திறக்கிறேன். பாதி நாள் திறப்பதில்லை.

இனி வருவது அம்மாவுக்கு. படித்துக் காட்டுபவர்கள் நிதானமாகப் படிக்கவும்.

அம்மா, அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது நான் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சோறோடு பேசினார். மாமா பெரிய மீன் துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். ஒரு கையால் வாங்கினால் மாமாவுக்கு மனசு கஷ்டப்படும். "வைக்கிறேம்மா" என்றார் அண்ணன். தெம்பில்லாமல் வைக்கவில்லை. அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.