திருப்பிக் கொண்டுபோன கதவு

காலை பத்து இருபது. கோவில்பட்டியில் ஒரு பழைய மரச்சாமான் கடை வாசலில், நான் திருப்பிக் கொண்டுவந்த தேக்குக் கதவை லோடு ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசல் கதவைச் செல் அரித்துவிட்டது. அதற்குப் பதிலாக வாங்கி, சரியாக மூடவில்லை என்று நான் திருப்பிய இரண்டாவது கதவு இது. மறுநாள் மதுரையில் மகளுக்கு வளைகாப்பு. திறந்த வீட்டை விட்டுவிட்டு நானும் மனைவியும் எப்படிக் கிளம்புவது?

"கோணல் கதவா என் தலையில கட்டுதீங்களே!" என்று கடையே கேட்கக் கத்தினேன்.

"அண்ணாச்சி, அடுத்த தடவ வீட்டத் தூக்கிட்டு வாங்க. கதவுக்கு மாட்டிப் பாப்போம்" என்றார் கடைக்காரர்.

ஜன்னல் வாங்க வந்திருந்த குளத்தூர் அம்மாள் ஒருவர் சிரித்தார். அவர் கையில் அளவுக்கு முடிச்சுப் போட்ட இரண்டு கயிறுகள் இருந்தன.

"வீடு கரிசல்லயா? கதவு நிலைய எங்கன வச்சு அளந்தீய?"

"நடுவுல."

"கரிசல் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். நிலை நேரா நிக்குமா? மேல ஒரு கயிறு, கீழ ஒரு கயிறு பிடிக்கணும்லா."

மனைவிக்குப் போன் செய்து அளக்கச் சொன்னேன். நிலையின் அகலம் மேலே சரி. கீழே முக்கால் அங்குலம் குறைவு. கோணல் என் வீட்டில்தான். கத்திய அதே இடத்தில் நின்று, அத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன்.

கடைத் தச்சர் அதே கதவின் பக்க ஓரத்தைக் கீழ்நோக்கிச் சாய்வாக இழைத்துக் கொடுத்தார். மாலையில் மாட்டினோம். ஒரு விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது. மனைவி கைதட்டினாள். நான் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இருவரும் மதுரை பஸ் ஏறினோம்.