லிச்சிக் கன்றோடு வந்த முட்டைகள்

ஏற்காட்டுப் பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து, வெளியூர் நர்சரியிலிருந்து லிச்சி, மங்குஸ்தான் கன்றுகளை மொத்தமாக வரவழைத்தோம். பொறுப்பு என்னுடையது. அடிவாரத்தில் லாரியிலிருந்து இறக்கி, ஜீப்பில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மஞ்சக்குட்டை செல்வம் அன்றே தன் இரண்டு கன்றுகளை எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் காலை மாரமங்கலத்திலிருந்து ராஜம்மாள் தன் கன்றுகளை எடுத்துப்போக வந்தார். காப்பியும் மிளகும் போட்டிருப்பவர். வேர் சுருண்டிருக்கிறதா என்று பார்க்க, ஒரு பையைப் பிரித்து மண்ணை உதிர்த்தார். ஜவ்வரிசி போலச் சில உருண்டைகள் விழுந்தன. நான் உரம் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, இது நத்தை முட்டைங்க. அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை நொம்ப மோசமுங்க. பொரிச்சுதுன்னா ஒரு செடியை விடாதுங்க” என்றார்.

உடனே செல்வத்துக்கு போன் போட்டேன். “கன்னை நட்டுட்டீங்களா?”

“குழி வெட்டிட்டு இருக்கறனுங்க. கன்னு இன்னும் பையிலதான் இருக்குது.”

“நடாதீங்க, அப்படியே கொண்டு வாங்க!”

அன்று முழுக்க மூவரும் எல்லாக் கன்றுகளையும் பிரித்து வேர்களை அலசினோம். ஐந்து பைகளில் முட்டை இருந்தது. மண்ணோடு சேர்த்துக் கொதிநீரில் போட்டு அழித்தோம். வேர் அலசியதில் நான்கு கன்றுகள் பட்டுப்போயின. ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே விலகினார்.

இப்போதும் சேர்ந்துதான் வாங்குகிறோம். ஆனால் பையைப் பிரித்து மண்ணைப் பார்த்து, தப்பிய முட்டை பொரித்தால் தெரியட்டும் என்று ஒரு மாதம் சிமெண்டுத் தரையில் தனியாக வைத்த பிறகே கன்றுகளைக் கொடுக்கிறேன். அவசரப்படுத்துகிறவர்களிடம் ராஜம்மாளின் போன் நம்பரைக் கொடுத்துவிடுகிறேன்.